ஜனவரியில் வாங்க முடியாதது

கால்பந்துப் பருவம் பாதியை எட்டும்போதெல்லாம் பெங்களூரு எஃப்சி ரசிகர்களிடையே இரண்டு கோரிக்கைகள் தவறாமல் எழுகின்றன. ஒன்று, பயிற்சியாளரை மாற்ற வேண்டும். மற்றொன்று, ஜனவரி டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுவதற்குள் அயல்நாட்டு முன்கள வீரர் ஒருவரை வாங்க வேண்டும். அணி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, யார் காயமுற்றிருக்கிறார் என்பவை ஆண்டுதோறும் மாறும். இவ்விரு கோரிக்கைகளும் மாறுவதில்லை. கண்டீரவா அரங்கின் மேற்குப் பகுதியில் தொண்டை வறளப் பாடும் ரசிகருக்கும், கைப்பேசியில் மட்டும் ஆட்டம் பார்ப்பவருக்கும் இதில் வேறுபாடு இல்லை.

ரசிகரின் சினம் நியாயமானது. அவர் சீட்டு வாங்குகிறார், சட்டை வாங்குகிறார், வார நாளின் போக்குவரத்து நெரிசலைக் கடந்து அரங்கிற்கு வருகிறார். ஆனால் அச்சினத்தின் திசை பிழையானது. பயிற்சியாளரை நீக்குவதும் வீரரை வாங்குவதும் ஒரு கிளப் நிர்வாகத்திற்கு மிக எளிய செயல்கள். ஓர் அறிக்கை, ஒரு காணொளி, விமான நிலையத்தில் ஒரு மாலை. அத்துடன் கேள்வி அடங்கிவிடும். ரசிகர் தம் குரலை எல்லாம் திரட்டி, நிர்வாகம் செய்ய விரும்புவதையே செய்யுமாறு வற்புறுத்திக்கொண்டிருக்கிறார். கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறொன்று: இந்த அணி யாரை வளர்த்தது, வளர்த்தவரை எத்தனை நிமிடம் களத்தில் நிறுத்தியது?

முதலில் அணியின் வரலாற்றையே சாட்சிக்கு அழைக்கலாம். பெங்களூரு எஃப்சி இந்தியன் சூப்பர் லீகில் நடுப்பருவச் சரிவைச் சந்தித்த மூன்று ஆண்டுகளை ஒப்பிட்டால் போதும். 2020-21 பருவத்தில் அணி தடுமாறியபோது, 2019இல் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ராட் ஜனவரி முதல் வாரத்திலேயே நீக்கப்பட்டார். பதினொரு அணிகள் ஆடிய தொடரில் பெங்களூரு ஏழாம் இடத்தில் முடித்தது. 2023-24 பருவத்தில் டிசம்பர் மாதம் சைமன் கிரேசன் நீக்கப்பட்டார். பன்னிரண்டு அணிகளில் பத்தாம் இடம். 22 ஆட்டங்களில் 22 புள்ளிகள்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 2022-23 பருவந்தான் கூர்ந்து நோக்க வேண்டியது. முதல் 12 ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஒரு சமநிலை, எட்டுத் தோல்வி. வழக்கப்படி பார்த்தால் பயிற்சியாளரின் பெட்டி கட்டப்பட்டிருக்க வேண்டும். அதே கிரேசன் அந்த முறை நீக்கப்படவில்லை. எஞ்சிய எட்டு ஆட்டங்களையும் அணி வென்றது. 34 புள்ளிகளோடு நான்காம் இடம். பின்னர் இறுதிப் போட்டி வரை சென்று பெனால்டி உதைகளில் ஏடிகே மோகன் பகானிடம் தோற்றது. மூன்று பருவங்களைக் கொண்டு இயற்கை விதி எதையும் நிறுவ முடியாது என்பது உண்மையே. ஆனால் 'பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகும்' என்ற கூற்றுக்கு இம்மூன்றில் ஒன்றுகூடச் சான்று தரவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

அந்த எட்டு வெற்றிகளின் முகமாக நினைவில் நிற்பவர்கள் ராய் கிருஷ்ணா, ஹாவி ஹெர்னாண்டஸ், சிவசக்தி நாராயணன் ஆகியோர். மூவரும் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே அணியில் இருந்தவர்கள். முதலிருவரின் திறனை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் மூன்றாமவரின் கதைதான் பாடம். சிவகங்கை மாவட்டம் கண்டனூரிலிருந்து வந்த அந்த இளைஞர் விமான நிலையத்தில் மாலையோடு வரவேற்கப்பட்டவர் அல்லர். பெங்களூரின் சூப்பர் டிவிஷன் தொடரிலும், ரிசர்வ் அணிகளுக்கான தொடரிலும் கோலடித்துக் கோலடித்து மேலே வந்தவர். 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் நடந்த டூராண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் அவர். அந்தப் பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. சரிவின் நடுவே அணி திரும்பிப் பார்த்தபோது, தேடிய ஆள் தன் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார்.

அடுத்த கோடையில் நடந்ததும் அறிந்ததே. கிருஷ்ணா ஒடிசாவுக்குப் போனார். சந்தேஷ் ஜிங்கானும் உதாந்தா சிங்கும் கோவாவுக்குப் போனார்கள். பிரபீர் தாஸ் கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார். புதிய அயல்நாட்டவர்கள் வந்தார்கள். பத்தாம் இடம் கிடைத்தது.

இங்கே எளிய கணக்கு ஒன்று உண்டு. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோது ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு அயல்நாட்டவரைக் களமிறக்கலாம். 2017இல் அது ஐந்தானது. 2021-22 முதல் நான்கு. அதாவது களத்தில் நிற்கும் பதினொருவரில் எழுவர் இந்தியர்களாக இருந்தே ஆக வேண்டும். விதி மாறிவிட்டது, ரசிகரின் பேச்சு மாறவில்லை. நால்வரைப் பற்றியே பேச்சின் பெரும்பகுதி செலவாகிறது. எழுவர் எங்கிருந்து வருகிறார்கள் என்பது எவர் உரையாடலிலும் இடம்பெறுவதில்லை.

அவ்வெழுவரைச் சந்தையில் வாங்கிவிடலாம் என்று சிலர் கருதக்கூடும். அதுவும் மாயையே. ஓர் ஐரோப்பிய கிளப் பிரேசிலிலோ செனகலிலோ இளைஞர் ஒருவரைக் கண்டெடுக்கும்போது அந்நாட்டின் கால்பந்துக்குப் புதிய ஆள் ஒருவர் சேர்கிறார். இந்தியாவில் ஒரு லீக் அணி மற்றொரு லீக் அணியிடமிருந்து இந்திய வீரரை வாங்கும்போது எவரும் கூடுவதில்லை. 2022 கோடையில் ஆஷிக் குருணியன் பெங்களூரிலிருந்து ஏடிகே மோகன் பகானுக்குப் போனார். அங்கிருந்து பிரபீர் தாஸ் பெங்களூருக்கு வந்தார். ஜிங்கான் கேரளா, கொல்கத்தா, பெங்களூரு, கோவா என்று வலம் வந்தார். வீரர்கள் மீது குறையில்லை. குறுகிய தொழில் வாழ்க்கையில் நல்ல ஊதியம் தேடுவது அவர்கள் உரிமை. குறை சந்தையின் அமைப்பில் இருக்கிறது. ஒரே குடத்துத் தண்ணீரைச் செம்பு மாற்றிச் செம்பு ஊற்றிக்கொண்டிருந்தால் தாகம் தீரப் போவதில்லை. நீரின் விலை மட்டும் ஏறும். கிணறு வெட்டுபவர் ஒருவராவது வேண்டும்.

நடுப்பருவப் பதற்றம் என்பதே இறக்குமதிச் சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜனவரி மாதம் ஓர் அணி பதற்றத்தில் பணத்தை இறைக்கிறதென்றால் அதற்குக் காரணம் உண்டு. கடைசி மூன்று இடங்களில் முடித்தால் அடுத்த நிலைத் தொடருக்கு இறங்க வேண்டும்; அதனோடு தொலைக்காட்சி வருவாயில் பெரும்பகுதி போய்விடும். அங்கே அச்சத்திற்குப் பொருள் இருக்கிறது. இந்தியன் சூப்பர் லீகிலோ மேலே ஏறும் வழி திறந்தது; கீழே இறங்கும் வழி 2024-25 வரை திறக்கப்படவில்லை. ஐ-லீகை வென்று 2023-24இல் பஞ்சாப் எஃப்சியும் அதற்கடுத்த பருவத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் உள்ளே வந்தன. 2024-25இல் முகமதன் கடைசி இடத்தில் முடித்தது, தரமிறக்கம் நிகழவில்லை. பெங்களூரு பத்தாம் இடத்தில் முடித்த ஆண்டிலும் அதன் இருக்கை அப்படியே இருந்தது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ரசிகர்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. தரமிறக்கம் இல்லாத தொடரில் சரிந்துவிட்ட பருவத்தின் பின்பாதிதான் இளைஞரைக் களமிறக்க ஏற்ற காலம். இழப்பதற்கு ஏதுமில்லாத பத்து ஆட்டங்கள்! பிற நாட்டுப் பயிற்சியாளர்கள் ஏங்கக்கூடிய வாய்ப்பு அது. அந்த வாய்ப்பை, ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து மே மாதம் ஊர் திரும்பும் முப்பத்து மூன்று வயது முன்கள வீரருக்குத் தாரை வார்க்குமாறு கேட்பவர்கள், ஐரோப்பாவின் காய்ச்சலை அதன் கிருமி இல்லாமலே வரவழைத்துக்கொண்டவர்கள்.

'வளர்ப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்' என்ற கேள்வியும் சில வேளைகளில் எழுகிறது. இந்த நகரத்தின் வரலாறு தெரியாதவர்கள் மட்டுமே அப்படிக் கேட்க முடியும். 1937இல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு ஆண்டும் அவர்களே வென்றனர். விடுதலை பெற்ற இந்தியா 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக ஆடியபோது அந்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இவ்வூர்க்காரர். கிழக்கு வங்க அணியின் முன்வரிசை ஐவரைக் கொல்கத்தா 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடியது. அவர்களில் அகமது கானும் தன்ராஜும் பெங்களூரிலிருந்து போனவர்கள். ஆஸ்டின் டவுனின் கார்ல்டன் சாப்மன் 1993இல் கிழக்கு வங்க அணிக்காக ஈராக்கின் அல் சாவ்ரா அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். பின்னர் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். அல்சூர் ஏரிக்கு அருகில் தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் வாழும் கௌதமபுரத்தை நகரம் 'மினி பிரேசில்' என்று அழைக்கிறது. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரோடு பீலேவுக்கும் சிலை இருக்கிறது. எந்த கிளப்பின் விளம்பரத் துறையும் வைத்த சிலை அன்று அது.

அக்காலத்தில் டிரான்ஸ்ஃபர் என்றால் இவ்வூர் இளைஞர் கொல்கத்தாவுக்கு ரயிலேறுவது. நகரம் வீரர்களை ஏற்றுமதி செய்தது. எச்ஏஎல், ஐடிஐ போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் அணிகள் அவர்களுக்குச் சோறும் வேலையும் தந்தன. எச்ஏஎல் 2012இல் ஐ-லீகிலிருந்து இறங்கியது. அடுத்த ஆண்டே ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தின் பணத்தோடு பெங்களூரு எஃப்சி நேரடியாக அந்தத் தொடருக்குள் நுழைந்தது; முதல் பருவத்திலேயே கோப்பையை வென்றது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியளித்த அணி இந்தியக் கால்பந்தின் உடற்பயிற்சி, உணவு, ஒழுங்கு ஆகியவற்றின் தரத்தையே உயர்த்தியது. ஆனால் அந்த முதல் பருவத்தில் அணி ஆடியது அசோக் நகரிலுள்ள பெங்களூர் கால்பந்து அரங்கில் என்பதை இன்றைய ரசிகர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கண்டீரவாவுக்கு இடம்பெயர்ந்த பின், நகரத்தின் பழைய கால்பந்துக்கும் புதிய கால்பந்துக்கும் இடையே ஒரு சுவர் எழுந்தது.

அச்சுவரின் உயரத்தை அளக்க இரண்டு நாட்கள் போதும். 2023 மார்ச் 3 அன்று கண்டீரவாவில் பெங்களூருக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் இடையே பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தில், எதிரணி தயாராகும் முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார். பிளாஸ்டர்ஸ் அணி களத்தை விட்டே வெளியேறியது. நாடு முழுவதும் அதுவே பேச்சு. மறுநாள், மார்ச் 4 அன்று, சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் கர்நாடக அணி மேகாலயாவை 3-2 என்ற கணக்கில் வீழ்த்திச் சந்தோஷ் கோப்பையை வென்றது. கடைசியாக இம்மாநிலம் அக்கோப்பையை வென்றது 1968-69இல். அப்போது அதன் பெயர் மைசூர். 54 ஆண்டுகள் காத்திருந்து வந்த வெற்றி. அந்த ஃப்ரீ கிக் செல்லுமா செல்லாதா என்று இன்றும் வாதிடக்கூடிய பெங்களூரு ரசிகர்களிடம், ரியாத்தில் கோலடித்த மூவரின் பெயரைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்பவருக்குப் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது: தொழில்முறை விளையாட்டில் வெற்றியே அளவுகோல், ரசிகர் பணம் கொடுப்பது பயிற்சிப் பள்ளியைப் பார்க்க அன்று. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வெற்றியை அளவுகோலாகக் கொண்டால்தான் மேற்சொன்ன கணக்குகள் இன்னும் உறுத்துகின்றன. 2024-25 பருவத்தின் முதல் ஆட்டத்தில் கிழக்கு வங்க அணிக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர் கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த வினித் வெங்கடேஷ். அந்தப் பருவத்தில் அணி மூன்றாம் இடம் பிடித்தது. பிளே-ஆஃபில் மும்பையை 5-0 என வென்றது. இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில்தான் மோகன் பகானிடம் வீழ்ந்தது. முந்தைய பருவத்தின் நடுவே பொறுப்பேற்ற ஹெரார்ட் சரகோசாவுக்கு, பத்தாம் இடத்திற்குப் பிறகும் காலம் தரப்பட்டதால் விளைந்தது அது.

இரண்டாவது: பயிற்சிப் பள்ளி ஏற்கனவே இருக்கிறதே; விஜயநகரில் உறைவிடப் பள்ளி நடக்கிறது; ரிசர்வ் அணி 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளும் தேசிய வளர்ச்சி லீகை வென்றதே. இதுவும் உண்மை. இதனாலேயே குற்றச்சாட்டு வலுப்பெறுகிறது. நாட்டின் மிகச் சிறந்த இளையோர் அணியை உருவாக்கிய கிளப்பின் முதல் அணியில், 2024-25இல் அதிக கோல் அடித்தவர் யார்? நாற்பது வயது சேத்ரி. 14 கோல்கள், இந்தியர்களில் எவரையும்விட அதிகம். அது சேத்ரிக்குப் பெருமை. 2013இல் கிளப் தொடங்கியபோது வந்து சேர்ந்தவரையே பன்னிரண்டாம் பருவத்திலும் சார்ந்திருப்பது கிளப்புக்குப் பெருமையா என்பதே கேள்வி. நாற்றங்கால் இருக்கிறது, நடவு நடப்பதில்லை.

மூன்றாவது எதிர்வாதத்திற்குக் காலமே விடை சொல்லிவிட்டது. 'பணம் இருக்கும்வரை வாங்குவதில் என்ன தவறு' என்பது அது. 2025 ஜூலையில், தொடரை நடத்திவந்த நிறுவனம் வரும் பருவத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு 2010இல் அது செய்துகொண்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் டிசம்பர் மாதம் முடிவடையவிருந்தது. புதுப்பித்தலுக்கு வழி தெரியவில்லை. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் லீக் அந்தச் செப்டம்பரில் தொடங்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்சி, முதல் அணியின் வீரர்கள், ஊழியர்கள் ஆகியோரின் ஊதியத்தைக் காலவரையறையின்றி நிறுத்தி வைத்தது. பருவமே இல்லாதபோது நடுப்பருவம் ஏது, டிரான்ஸ்ஃபர் ஏது?

அதே அறிவிப்பில் வேறொரு செய்தியும் இருந்தது. இளையோர் அணிகளும் கால்பந்துப் பள்ளிகளும் பாதிக்கப்படாமல் தொடர்ந்து நடக்கும் என்று கிளப் தெரிவித்தது. நெருக்கடி வந்தபோது எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்பதை நிர்வாகமே அந்த ஒரு தாளில் பிரித்துக் காட்டிவிட்டது. வாங்கப்பட்டது நின்றது, வளர்க்கப்படுவது தொடர்ந்தது. ரசிகர்கள் மட்டும் இன்னும் வாங்கப்படுவதற்காகவே குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரு சொற்கள் உண்டு. முன்னது கேட்பவரையும் உள்ளடக்கும், பின்னது விலக்கும். கன்னடத்தில் இவ்வேறுபாடு வழக்கொழிந்து 'நாவு' ஒன்றே நிலைத்தது. கிளப்புகள் ரசிகரிடம் பேசும்போதெல்லாம் தமிழின் 'நாம்' என்ற பொருளிலேயே பேசுகின்றன: நம் அணி, நம் நகரம், நம் வெற்றி. வீரரை விற்பது, பயிற்சியாளரை நீக்குவது, ஊதியத்தை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அறைக்குள் போனதும் அது 'நாங்கள்' ஆகிவிடுகிறது. இந்த மாற்றத்தை ரசிகர் உணர்வதில்லை; உணர்ந்தாலும் ஒரு புதிய வீரரின் பெயர் அறிவிக்கப்பட்டதும் மறந்துவிடுகிறார். ரசிகர்களின் 'நாம்' என்பதற்குள்ளும் கௌதமபுரத்துச் சிறுவருக்கு இடமில்லை. நகரத்தின் பெயரைச் சட்டையில் அணிந்திருக்கும் அணிக்கும், அந்நகரத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான உறவு இன்று சீட்டு விற்பனையோடு நின்றுவிட்டது.

ஆகவே கோரிக்கைகள் மாற வேண்டும். சொந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த வீரர்கள் முதல் அணிக்காக எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் கிளப் வெளியிட வேண்டும். சூப்பர் டிவிஷனிலும் சந்தோஷ் கோப்பையிலும் ஒளிரும் இவ்வூர் இளைஞர்களுக்கு ஆண்டுதோறும் முதல் அணியின் பயிற்சி முகாமில் இடம் தர வேண்டும். லீகில் தரமிறக்கம் வேண்டும் என்று, அதனால் தம் அணிக்கே ஆபத்து வரக்கூடும் என்று தெரிந்தும், ரசிகர் அமைப்புகள் கேட்க வேண்டும்; ஆபத்தில்லாத போட்டி போட்டியே அன்று. இவற்றுக்கெல்லாம் முன்பாக ரசிகர் தாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கண்டீரவாவுக்குப் போகும் ஐந்து முறைகளில் ஒரு முறையாவது அசோக் நகர் அரங்கின் படிக்கட்டில் அமர்ந்து ஒரு சூப்பர் டிவிஷன் ஆட்டத்தைப் பார்க்கலாம். அடுத்த ஜனவரியில் எவரைத் தேடி உலகச் சந்தையெங்கும் அலையப் போகிறார்களோ, அவர் அங்கே வியர்த்து ஆடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஓர் அணியின் தரத்தை, ஜனவரியில் அது யாரை வாங்கியது என்பதைக் கொண்டு அளப்பது வணிகரின் வழக்கம். யாரை வாங்கத் தேவையில்லாமல் செய்தது என்பதைக் கொண்டு அளப்பதே ரசிகரின் கடமை.